ஏழரை சென்டிமீட்டர்

இந்தச் சனிக்கிழமை பூங்குழலியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது. ஆனால் ‘வா’ என்ற வார்த்தையை மட்டும் வாயைத் திறந்து சொல்வதில்லை. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பெரம்பலூரில் எங்கள் வீட்டு அடுப்படியில், தோசைக்கல்லின் முன் நின்று இப்படி ஒரு சபதம் எடுத்தேன். கையில் தோசைக் கரண்டி இருந்தது. சபதம் எடுக்கிறவன் கையில் ஓர் ஆயுதம் இருந்தால் அது தனி கம்பீரம். தோசை கருகிவிட்டது என்பது வேறு விஷயம்.

பூங்குழலி என் மனைவி. கணக்கு டீச்சர். போன ஜூன் மாதம் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்தைத் திருமானூருக்குப் பக்கத்தில் கொடுத்தார்கள். இங்கிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருமானூருக்கு இன்னொரு பஸ், அதற்குமேல் ஷேர் ஆட்டோ. இரண்டு வாரம் தினமும் போய்வந்து பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மேகலா என்ற டீச்சரோடு சேர்ந்து அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வெள்ளி மாலை வருவது, ஞாயிறு மாலை போவது என்று ஏற்பாடு.

அவள் துணிமணி எடுத்து வைத்த அன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“நான் இல்லாம சமாளிச்சுக்குவீங்களா?” என்று கேட்டாள்.

“இருபத்திரண்டு வருஷமா நீ இருந்ததாலதான் என்னால எதையும் சமாளிக்க முடியலை” என்றேன்.

பூங்குழலி கோபப்படவில்லை. கணக்கு டீச்சர்கள் கோபம் வந்தால் கத்தமாட்டார்கள், மார்க்கைக் குறைப்பார்கள்.

“சரிங்க. என்னிக்காவது முடியலைன்னா, ‘நீ வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன்.”

“அது இந்த ஜென்மத்துல நடக்காது.”

“பாக்கலாம்” என்று பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இரண்டு சனிக்கிழமைகள் அவள் வரவில்லை. ஒன்று விளையாட்டு விழா, இன்னொன்று ஆண்டாய்வு. மூன்றாவதாக அந்த வியாழக்கிழமை போன் செய்து, “இந்த வாரமும் வர முடியாதுங்க. பயிற்சி இருக்கு” என்றாள். “ஓ, தாராளமா” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்புறம்தான் தோசை, கரண்டி, சபதம் எல்லாம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் விதைக்கடை வைத்திருக்கிறேன். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் கேட்டு வருகிறவர்களிடம் பகல் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிடும். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் பேச ஆள் இல்லை. மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். இரண்டு டம்ளரில் காபி கலக்கிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு அதையும் நானே குடிப்பேன். தூக்கம் வராததற்குக் காரணம் இரண்டாவது காபிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. ஹாலில் ஒரு லேசர் பிரிண்டர் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அச்சடிக்கப் பூங்குழலி வாங்கியது. அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு அவள் ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை. விடிகாலை ஐந்து மணிக்கே அது ‘கொர்ர்ர்’ என்று எழுந்து சூடான காகித வாசனையைக் கக்கும். எத்தனை நாள் அதைத் திட்டியிருப்பேன்! போன வாரம் ஒரு நாள் யாருமில்லாத வீட்டில் அந்த பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, அந்தக் ‘கொர்ர்ர்’ சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு மறுபடி பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு சாமிதுரை அண்ணன் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு கடைக்கு வந்தார். ரிடையரான லைன்மேன். ஊருக்கெல்லாம் ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொண்ட மனுஷன் என்பதால் அவரிடம் யோசனை கேட்டேன்.

“நெஞ்சு வலின்னு சொல்லுங்க தம்பி. ஓடி வந்துருவாங்க” என்றார்.

“அவ வரமாட்டாண்ணே. ஆம்புலன்ஸ்தான் வரும். நாலு ஊசி போட்டுட்டுப் போயிடும்.”

“அப்ப, வூட்டுல டீச்சருக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உங்களைச் சொல்லலை தம்பி. உண்மையாவே பிடிச்சது எது?”

“பிரிண்டர்” என்றேன்.

“அதுல கைய வைங்க” என்று விபூதியை நீட்டினார்.

திட்டம் எளிமையானது. பிரிண்டர் கெட்டுப்போய்விட்டது, பேப்பரெல்லாம் கறுப்புக் கறையாக வருகிறது என்று ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். அவள் பதறியடித்து வந்துவிடுவாள். வந்தபின் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும். அது தெய்வச்செயல்.

கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பூங்குழலி எப்போதோ அச்சடித்து வைத்த கணக்குத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பிரிண்டரின் முன்பக்கக் கதவைத் திறந்து கார்ட்ரிட்ஜ் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்தேன். அதற்குள் இருப்பது மை இல்லை, டோனர் என்ற பொடி. உள்ளே ஓரங்களில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. அதில் கட்டைவிரலைத் தொட்டுத் தாளில் மேலிருந்து கீழாக ஐந்து கறை வைத்தேன். கைநாட்டு வைப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் நான் கையெழுத்துப் போடவே கற்றுக்கொண்டிருக்கமாட்டேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம் பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ‘பிரிண்டர் போச்சு’ என்று கீழே எழுதினேன். அழும் பொம்மை ஒன்றும் வைத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. கார்ட்ரிட்ஜைத் திரும்ப உள்ளே வைக்கப் பார்த்தேன். போகவில்லை. திருப்பி வைத்தேன். போகவில்லை. சாம்பார்ப்பொடி டப்பாவைத் தட்டுவதுபோல மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினேன். எங்கேயோ ஒரு மூடி திறந்துகொண்டது. கறுப்புப் பொடி கொட்டியது. மேலே மின்விசிறி ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் என் வீடு எனக்கே தெரியவில்லை. சுவர், சோபா, என் வெள்ளை வேட்டி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. அவசரத்தில் கெட்டிலில் வெந்நீர் போட்டு, துணியை நனைத்துத் தரையைத் துடைத்தேன். பொடியாக இருந்தது தாராக மாறியது. அப்போதுதான் வீடியோ கால் வந்தது.

பூங்குழலி திரையில் தோன்றினாள். என்னை உற்றுப் பார்த்தாள்.

“யாருங்க நீங்க? போனை எங்க வூட்டுக்காரர்கிட்ட குடுங்க.”

“நான்தான் பூங்குழலி.”

“ஐயையோ, மூஞ்சி என்னங்க ஆச்சு?”

“பிரிண்டர் ரிப்பேர்.”

“பிரிண்டர் ரிப்பேரானா பேப்பர்தானே கறுக்கும்? நீங்க ஏன் கறுத்தீங்க?”

“பக்கத்துல நின்னேன்.”

“முதல்ல ஃபேனை நிறுத்துங்க. மூக்குல துணியைக் கட்டுங்க. வெந்நீர் ஊத்தினீங்களா? சூடு பட்டா அது உருகி ஒட்டிக்கும். பேப்பர்ல எழுத்து ஒட்டறதே அப்படித்தான். பச்சைத் தண்ணி மட்டும்தான். மெஷின்கிட்ட அதுவும் கூடாது.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையிலிருந்தும் பொடி கொட்டியது.

“சரி, அந்தக் கறை விழுந்த பேப்பரை எடுங்க. என் டிராயர்ல அடிக்கோல் இருக்கு. ஒவ்வொரு கறைக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து சொல்லுங்க.”

“அது எதுக்கு?”

“அளங்கன்னா அளங்க.”

அளந்தேன். “மூணு. அடுத்தது ஏழு. அப்புறம் நாலரை. கடைசியில ரெண்டு.”

திரையில் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பாவம், பிரிண்டர் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

“மூணு, ஏழு, நாலரை, ரெண்டு” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “ரொம்ப முத்திப்போன கேஸுங்க.”

“அப்ப நேர்ல பாத்தாதான் சரியாவும், இல்ல?” என்றேன். குரலில் ஆசை வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டேன்.

“நேர்ல எதுக்கு? நான் சொல்லச் சொல்ல நீங்களே செய்யுங்க. எல்லாத்தையும் சமாளிக்கற ஆளாச்சே.”

ஜூன் மாதத்து வாய்க்கொழுப்புக்கு நவம்பர் மாதத்தில் பதில் வந்தது.

“அந்தப் பெட்டியைக் கறுப்புத் துணி போட்டு மூடி வைங்க, வெளிச்சம் படக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?”

“இதோ” என்று மேஜைக்குக் கீழே குனிந்து, ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த பிளக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“நல்லது. உள்ள ஒரு உருளை நெருப்பா சுடும். அரை மணி நேரம் ஆறட்டும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. போனையும் வெச்சுடாதீங்க, நீங்க எதையாவது தொட்டுடுவீங்க.”

அரை மணி நேரம். நான் போனைப் பூச்சாடிமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் தன் அறைக்கு மேலே மொட்டைமாடியில் இருந்தாள். கொள்ளிடத்துப் பக்கத்துக் காற்று போனுக்குள் புஸ்ஸென்று அடித்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது போகும்வரை இருவரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தோம்.

“முழங்கால் எப்படி இருக்கு?” என்றேன்.

“இருக்கு. நீங்க காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“தோசை.”

“கருகினதா?”

“கருகாத இடமும் இருந்துச்சு.”

பிறகு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மேகலா டீச்சர் தூக்கத்தில் வருகைப்பதிவு எடுப்பதைப் பற்றி, பள்ளிக்கூடத்துப் புளியமரத்தைப் பற்றி, சத்துணவில் முட்டை உரிக்கும் முறையைப் பற்றி. நான் ‘ம்’ போட்டேன். கன்னத்துப் பக்கம் இரண்டு முடி புதிதாக நரைத்திருந்தது. அது எந்த வாரம் நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்போல் இருந்தது.

“ஆறியிருக்கும்” என்றாள் திடீரென்று. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

“இப்ப பஞ்சு பிரியாத துணி வேணும். பீரோவுல அடித்தட்டுல என் பழைய நீல வாயில் காட்டன் புடவை இருக்கு. அதுல ஒரு முழம் கிழிச்சு எடுத்துக்குங்க.”

போய் எடுத்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. மகள் பிறந்த வருடம் அவள் கட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்ததும் வீடு முழுக்க அவள் வந்து நிற்பதுபோல் ஒரு வாசனை. ஓரத்தைப் பல்லில் கடித்தேன். கிழிக்க மனம் வரவில்லை. புடவையைக் கொண்டுபோய் என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, போட்டிருந்த பனியனைக் கழற்றி இரண்டாகக் கிழித்தேன்.

“புடவையைக் கிழிச்சீங்களா?”

“கிழிச்சேன்.”

“என் புடவைக்குக் கைக்குழி எப்பங்க வந்துச்சு?”

“பழசாயிடுச்சு, அங்கங்க ஓட்டை” என்று சமாளித்தேன்.

அதற்குப்பின் ஒரு மணி நேரம் அவள் சொன்னாள், நான் செய்தேன். உள்ளே உலர்ந்த துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஊதக் கூடாது. கார்ட்ரிட்ஜில் இருக்கிற பச்சை உருளையை விரலால் தொடவே கூடாது. தொடப்போனேன். “தொடாதீங்க!” என்று திருமானூரிலிருந்து ஓர் அதட்டல். வெளியே பச்சைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. பிறகு மேஜை, சுவர், சோபா. பிறகு ஃபேன் இறக்கை. பிறகு, “அப்படியே அந்த ஜன்னல் கம்பி, பரண், டிவிக்குப் பின்னாடி” என்றாள். டிவிக்குப் பின்னால் பொடி எப்படிப் போயிருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. தீபாவளிக்குக்கூட நான் அத்தனை சுத்தம் செய்ததில்லை.

கடைசியில் கார்ட்ரிட்ஜ் ‘டக்’கென்று தானாகவே உட்கார்ந்தது. பிளக்கை மாட்டினேன். ‘கொர்ர்ர்’. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டோனர் பட்டதாக இருக்கும்.

“இப்ப டெஸ்ட் பேஜ். கம்ப்யூட்டர்ல எதையாவது டைப் பண்ணி ஒரு பக்கம் எடுங்க. பெரிய எழுத்தா இருக்கட்டும்.”

ஒரு விரலால் ‘மக்காச்சோளம்’ என்று அடித்தேன்.

“என்ன அடிச்சீங்க? மக்காச்சோளமா? முழு வாக்கியமா அடிங்க. அப்பத்தான் பக்கம் பூரா சரியா விழுதான்னு தெரியும்.”

என்ன அடிப்பது? கைகள் வலித்தன. முதுகு வலித்தது. வீடு சுத்தமாக இருந்தது, அதில் யாரும் இல்லை. போனில் அவள் முகம் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு எழுத்து எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில், மனதில் இருந்ததை அப்படியே அடித்து பிரிண்ட் கொடுத்தேன். தாள் சூடாக வந்து விழுந்தது. ஒரு கறை இல்லை.

“காட்டுங்க.”

தள்ளி நின்று காட்டினேன்.

“சிக்னல் சரியில்லைங்க. எழுத்தே தெரியலை. படிங்க, பிரிண்ட் விட்டு விட்டு வந்திருக்கான்னு பாக்கணும்.”

“நல்லாதான் வந்திருக்கு.”

“படிச்சாதாங்க தெரியும்.”

தொண்டையைச் செருமினேன். “பூங்குழலி...” என்று முணுமுணுத்தேன்.

“கேக்கலை.”

“பூங்குழலி, நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை...”

“கடைசி வரி?”

“அது ஒண்ணுமில்லை.”

“கடைசி வரிதாங்க முக்கியம். அங்கதான் மெஷின் இழுக்கும்.”

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். “நீ வா!”

“எனக்கே வரணும்போல இருக்கு தம்பி” என்றார் சாமிதுரை அண்ணன். எப்போதிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

திரையில் பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை மறுபடி வாய்க்குப் போனது. இந்தமுறை கண்ணுக்கும் போனது. “காலைல முதல் பஸ்ஸுல வரேங்க” என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாசலில் நின்றாள். இரண்டு பையில் கேள்வித்தாள் வேலை. பிரிண்டரை விரலால் தடவிப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், தலையசைத்தாள். அதன்பின் இரண்டு நாளும் ‘கொர்ர்ர், கொர்ர்ர்’. நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அடுக்கிக் கொடுத்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தவள், என் தலையணைக்கு அடியிலிருந்த நீலப்புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். நான் கீழே நின்று, சும்மா இருக்கமாட்டாமல், “அந்த பிரிண்டர்ல நிஜமா என்னதான் கோளாறு?” என்று கேட்டேன்.

“உள்ள ஒரு உருளை சுத்துதுங்க. அதுல ஒரு இடத்துல அழுக்கு இருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் பேப்பர்ல ஒரு கறை விழும். நடுவுல எப்பவும் ஒரே இடைவெளிதான். நம்ம மெஷினுக்கு ஏழரை சென்டிமீட்டர்.”

“சரி.”

“மூணு, ஏழு, நாலரை, ரெண்டுன்னு எந்த மெஷினும் கறை வெக்காது. மனுஷன்தான் வெப்பான்.”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “தெரிஞ்சுமா அரை மணி நேரம் ஆறட்டும்னு உக்கார வெச்சே?”

“பிளக்கு தொங்கிக்கிட்டிருந்ததை நானும் வீடியோவுல பாத்தேன், பிளக்கே மாட்டாத மெஷின் எங்க சுடும்? தினம் போன் பண்ணி ‘சாப்பிட்டியா, சரி, வெச்சுடறேன்’னு ஒரு நிமிஷத்துல வெச்சுடறீங்க. எனக்கு உங்ககூட அரை மணி நேரம் பேசணும்னு இருந்துச்சு.”

“அப்ப அந்தப் பயிற்சி?”

“பயிற்சி இருக்குன்னு சொன்னேன். யாருக்குன்னு சொன்னேனா?”

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அவள் தலையை வெளியே நீட்டி, “அடுத்த தடவை கறை வெக்கறதா இருந்தா அடிக்கோல் வெச்சு ஏழரை, ஏழரையா வைங்க. நானும் நம்பின மாதிரி வந்துடறேன்!” என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் மறையும்வரை நின்றேன். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். போகட்டும், வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சபதத்தை இனிமேலாவது காப்பாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வெள்ளிக்கிழமைக்கான கறையை இப்போதே அளந்து குறித்து வைத்துவிடலாம் என்று அவள் டிராயரைத் திறந்தேன்.

அடிக்கோலைக் காணோம். அது இருந்த இடத்தில் என் டெஸ்ட் பேஜ் இருந்தது. அதன் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: ‘பத்துக்கு ஒன்பது. வரும் வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு.’